சோஷியாலஜி படிக்க ஆசைப்படும் மகளுக்கு என்ன வேலை கிடைக்கும்? சாட்ஸ்வொர்த் அண்ணாவுக்கு ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அண்ணா கேட்டிருக்கிறார்: "மகள் இந்த வருடம் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) எழுதுகிறாள். மார்க் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் யூனிவர்சிட்டியில் சோஷியாலஜிதான் எடுப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அக்கவுண்டிங் படி, இல்லையென்றால் டீச்சராகப் போ என்று நானும் அவள் அம்மாவும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம். இதைப் படித்தவர்களுக்கு வேலை கிடைக்கிறதா? இதுவும் சோஷியல் வொர்க்கும் ஒன்றுதானே? எங்கள் ஆயா மேகசின் பாரக்ஸ் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். அவரே 'இதெல்லாம் ஒரு படிப்பா' என்று கேட்கிறார்."

அண்ணா, நான் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் இதே படிப்பைப் படித்தவள். அப்புறம் கள ஆய்விலும் நகராட்சித் திட்டங்களிலும் இருபது வருடங்களுக்கு மேல் இதை வைத்தே பிழைக்கிறேன். என் அப்பாவும் இதே கேள்வியைக் கேட்டார். அவருக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் குழம்பி வருடத்தைத் தொலைத்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சோஷியாலஜியும் சோஷியல் வொர்க்கும் ஒன்றில்லை. சோஷியல் வொர்க், அதாவது சமூகப்பணி, நான்கு வருடத் தொழிற்படிப்பு. முடித்ததும் சமூக சேவைத் தொழில்களுக்கான கவுன்சிலில் பதிவு செய்தால்தான் அந்தப் பெயரில் வேலை பார்க்க முடியும். அடிபட்ட குழந்தை, குடியால் உடைந்த குடும்பம் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து உதவும் வேலை அது. சோஷியாலஜி, அதாவது சமூகவியல், மூன்று வருட பி.ஏ. அல்லது சமூக அறிவியல் பட்டம். ஒரே தெருவில் ஏன் இத்தனை குடும்பங்கள் குடியால் உடைகின்றன, பக்கத்துத் தெருவில் ஏன் அப்படி இல்லை என்று கேட்கும் படிப்பு அது. உங்கள் மகளுக்கு முதல் வகை வேலையில்தான் மனம் என்றால் இப்போதே சோஷியல் வொர்க்குக்கு விண்ணப்பிக்கட்டும். மூன்று வருடம் சோஷியாலஜி படித்துவிட்டு அங்கே மாறப் பார்த்தால் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இதை அவளிடம் இன்றைக்கே கேளுங்கள்.

சரி, இந்தப் படிப்பில் அப்படி என்னதான் இருக்கிறது? நான் பார்த்த ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன். பேவியூ ஃபிளாட்டுகளில் ஒரு வீட்டுக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்தது ஒரு பாட்டி. அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். என் கேள்வித்தாளில் முதல் கேள்வி: "இந்த வீட்டில் எத்தனை பேர்?" பாட்டி உடனே "ஒன்பது" என்றார். பெயர்களைக் கேட்டு எழுதினேன். மூத்த மகன் ஜோஹன்னஸ்பர்கில் இருக்கிறான், மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். பேரன் இங்கே தூங்குகிறான், ஆனால் சாப்பாடு எதிர் பிளாக்கில் அத்தை வீட்டில். மருமகள் கோபித்துக்கொண்டு ஃபீனிக்ஸில் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. "அவள் வந்துவிடுவாள், எழுதிக்கொள்" என்றார். அரசுப் புள்ளிவிவரத் துறையின் வரையறைப்படி, வாரத்தில் குறைந்தது 4 இரவு அந்த வீட்டில் தங்கி, சேர்ந்து சாப்பிட்டு, வருமானத்தைப் பகிர்ந்துகொள்பவர்கள்தான் ஒரு குடும்பம். அந்தக் கணக்கில் ஒன்பது பேர் ஆறு பேராகிவிட்டார்கள். பாட்டியின் குடும்பத்தைத் தாங்குகிற மகனே தாளில் இல்லை!

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. பாட்டி சொன்னதும் உண்மை, தாளில் இருப்பதும் ஒரு வகை உண்மை. வரையறை இல்லாமல் நாடு முழுவதும் எண்ண முடியாது. ஆனால் அந்த எண்ணை வைத்து வறுமையைக் கணக்கிடுகிறவருக்கு, ஜோஹன்னஸ்பர்கிலிருந்து வரும் பணத்தைத் தனியாகக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணவும் வேண்டும், எண்ணில் எது விடுபட்டது என்றும் தெரிய வேண்டும். மூன்று வருடம் சோஷியாலஜியில் பழக்குவது இதைத்தான். மார்க்ஸ், வெபர், டர்கைம் என்று இந்தத் துறையின் முன்னோடிகளைப் படிப்பதும் இந்தப் பார்வை வருவதற்குத்தான்.

ஆயா "இதெல்லாம் ஒரு படிப்பா" என்று கேட்டதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். இது அவர் வாழ்க்கையையே புரட்டிப்போட்ட படிப்பு. அபார்ட்ஹெய்ட் என்ற நிறவெறி ஆட்சிமுறையின் சிற்பி என்று சொல்லப்படும் வெர்வோர்ட், அரசியலுக்கு வருவதற்கு முன் 1930களில் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் சமூகப்பணியும் சேர்ந்த துறையில் பேராசிரியர். ஏழை வெள்ளையர்களை எப்படி மேலே கொண்டுவருவது என்பதுதான் அவருடைய அக்கறை. மனிதர்களைப் பிரித்து வகைப்படுத்தித் திட்டம் போடும் அறிவு ஆட்சிக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நம் குடும்பங்கள் அனுபவித்தன. எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்தது. நகராட்சித் தொழிலாளர்களான தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த மேகசின் பாரக்ஸைக் காலி செய்து, 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு லாரி ஏற்றினார்கள்.

அதே டர்பனில், அதே படிப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து கையில் எடுத்தவர் ஃபாத்திமா மீர். 1928இல் இங்கே பிறந்தவர். 1956இல் நட்டால் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் விரிவுரையாளரானார். இந்த நாட்டில் வெள்ளையர் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்த வேலைக்கு வந்த, வெள்ளையரல்லாத முதல் பெண் அவர்தான். நம் ஆட்களின் வாழ்க்கையை, கோயில், கல்யாணம், வறுமை எல்லாவற்றையும் எழுதி 1969இல் புத்தகமாக்கினார். டர்பனில் நடந்த தற்கொலைகளை இனம்வாரியாக ஆராய்ந்து, தனி மனிதத் துயரத்துக்குள் அரசின் சட்டங்கள் எப்படி நுழைந்திருக்கின்றன என்று காட்டினார். 1976இல் விசாரணை இல்லாமல் சிறையில் போட்டார்கள். "ஒரு வாத்தியாரம்மாவை எதற்குச் சிறையில் போட வேண்டும்?" என்று ஆயாவிடமே கேளுங்கள், அண்ணா. வெறும் வெட்டிப் படிப்பாக இருந்திருந்தால் அரசு ஏன் பயப்பட வேண்டும்?

இனி வேலை. இங்கேதான் ஒளிக்காமல் பேச வேண்டும். "சோஷியாலஜிஸ்ட் தேவை" என்று விளம்பரம் அபூர்வமாகத்தான் வரும். இந்தப் பட்டம் முடித்ததும் நேராக நாற்காலி காட்டாது. கூடவே எடுத்த இரண்டாவது பாடமும், கையில் பழகிய திறமையும் சேர்ந்துதான் கதவைத் திறக்கும். பி.ஏ.வில் இரண்டு பிரதானப் பாடங்கள் எடுக்க வேண்டும் என்று பலருக்குத் தெரியும். ஆனால் இரண்டாவதை ஏனோதானோ என்று, டைம்டேபிளில் எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் செய்தேன். எண் பக்கம் போகாத இன்னொரு பாடத்தை எடுத்தேன். பட்டம் வாங்கி ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். ஓர் ஆய்வு நிறுவனத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கட்டுரைகளைப் பற்றி நன்றாகப் பேசினேன். அப்புறம் ஒரு அட்டவணையைக் கொடுத்து, "இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்றார்கள். வரிசையில் சதவீதம், பத்தியில் சதவீதம், எதை எதனோடு ஒப்பிடுவது என்றே புரியவில்லை. கை வியர்த்தது. அந்த வேலை என்னுடன் படித்த, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாட்யூல் இரண்டு முடித்திருந்த பெண்ணுக்குப் போனது. அடுத்த வருடம் பகலில் கடையில் நின்றுகொண்டு ராத்திரியில் நான் கற்றுக்கொண்டதை, உங்கள் மகள் முதல் வருடத்திலேயே பாடமாகப் படித்துவிடலாம்.

ஆகவே இரண்டாவது பாடம் என்ன என்பதைப் பொறுத்துத்தான் வழி பிரியும். தொழிலாளர் உறவு, மனிதவளம் பக்கம் போக ஆசை என்றால் தொழில்துறைச் சமூகவியல், லேபர் ஸ்டடீஸ், மேனேஜ்மென்ட் எடுக்கட்டும். டர்பனில் இதற்குத் தனி வரலாறே உண்டு. 1973 ஜனவரியில் ஒரு செங்கல் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் துணி ஆலைகளுக்கெல்லாம் பரவி, பல்லாயிரம் ஆப்பிரிக்க, இந்தியத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பின்னாளில் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் உழைப்பு பற்றிய ஆய்வு மையத்தை 1983இல் தொடங்கிய எடி வெப்ஸ்டர் அப்போது இங்கேதான் இருந்தார். இந்த நாட்டுத் தொழில்துறைச் சமூகவியல் பெரிய அளவில் வளர்ந்தது அந்த வேலைநிறுத்தத்துக்குப் பின்னால்தான். இன்றைக்கு 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் வந்த, வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்து தீர்க்கும் சி.சி.எம்.ஏ. ஆணையம் இருக்கிறது. அநியாயமாக வேலையிலிருந்து நீக்கினால் 30 நாளுக்குள் அங்கே வழக்கைக் கொண்டுபோக வேண்டும். அந்த மேசையின் மூன்று பக்கமும், கம்பெனி, யூனியன், சமரசம் செய்பவர் என்று, இந்தப் படிப்பு படித்தவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் சின்னம்மாவோ அத்தையோ கார்மென்ட் ஃபேக்டரியில் தைத்திருப்பார்கள். 1990களில் இறக்குமதி வரி குறைந்து, வெளிநாட்டுத் துணி வந்து குவிந்து, அந்த ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடியபோது வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் புத்தகத்தில் மட்டும் இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை வேறு ஒன்று. என்ஜினியர்கள் வேலை செய்யும் இடத்தில் மக்களோடு பேசுகிறவர்களாக நாங்கள் இருப்போம். 2000ஆம் ஆண்டில் நம் குவாஸூலு-நட்டால் மாகாணத்தில் காலரா வந்தது நினைவிருக்கும். அதற்குப் பின் டர்பனை ஆளும் எத்தேக்வினி நகராட்சி, குழாய் போக முடியாத கிராமப்புறங்களில் சிறுநீரையும் மலத்தையும் பிரித்துச் சேகரிக்கும் உலர் கழிவறைகளைப் பல்லாயிரக்கணக்கில் கட்டியது. தொழில்நுட்பத்தில் அது நல்ல யோசனை, தண்ணீரே வேண்டாம். ஆனால் பல வீடுகளில் மனமொப்பி அதைப் பயன்படுத்தவில்லை. தொட்டி நிறைந்ததும் வீட்டுக்காரரே காலி செய்ய வேண்டியிருந்தது. அதை யார் செய்வது? மாமியாரா, மருமகளா? "பணக்காரர் வீட்டில் ஃபிளஷ், எங்களுக்கு மட்டும் ஏன் மண்வெட்டி?" என்ற கேள்விக்கு என்ஜினியரின் வரைபடத்தில் பதில் இல்லை. வீடு வீடாக உட்கார்ந்து கேட்டு, அதை நகராட்சிக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. தண்ணீர், வீட்டுவசதி, சாலை என்று எந்தத் திட்டமானாலும் இப்படிப்பட்ட சமூக ஒருங்கிணைப்பாளர்கள் வேண்டியிருக்கிறது. சுரங்கக் கம்பெனிகள் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுற்றியுள்ள மக்களுக்கும் தொழிலாளருக்கும் என்ன செய்வோம் என்று ஒரு சமூக, தொழிலாளர் திட்டம் கொடுத்தாக வேண்டும். பெரிய கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது மக்கள் வாழ்க்கை மீதான தாக்கத்தையும் எழுத வேண்டும். நகராட்சிகள் ஐந்து வருட ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தை மக்களிடம் கேட்டுத்தான் தயாரிக்க வேண்டும். இவை எல்லாம் சட்டம் கேட்கிற வேலைகள் என்பதால் ஓரளவு நிலையாக வருகின்றன. இந்த வழிக்குப் புவியியல் அல்லது வளர்ச்சியியல் நல்ல துணைப்பாடம்.

எண்ணில் ஆர்வம் இருந்தால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், எகனாமிக்ஸ். அரசுப் புள்ளிவிவரத் துறை, மனித அறிவியல் ஆராய்ச்சி கவுன்சில், மார்க்கெட் ரிசர்ச் கம்பெனிகள், உதவித் திட்டங்கள் உருப்படியாக நடக்கின்றனவா என்று அளக்கும் மதிப்பீட்டு வேலை, எல்லாம் இந்தப் பக்கம். ஒரு எச்சரிக்கை: பள்ளியில் மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய கணக்குப் பாடம் எடுத்த பிள்ளைக்கும் சோஷியாலஜி பெரும்பாலும் கிடைத்துவிடும், ஆனால் இந்தத் துணைப்பாடங்களுக்குப் பல இடங்களில் முழு மேத்ஸ் கேட்பார்கள். மகள் எதை எடுத்திருக்கிறாள் என்று பாருங்கள்.

அப்புறம் டீச்சர் வேலை, உங்கள் மனதில் இருப்பது. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் பள்ளிகளில் சோஷியாலஜி என்று ஒரு பாடமே கிடையாது. பட்டத்துக்குப் பின் ஒரு வருட ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் படிக்கலாம், ஆனால் பள்ளியில் நடத்தும் பாடம் ஏதாவது பட்டத்தில் இருக்க வேண்டும். ஆகவே டீச்சர் கதவையும் திறந்துவைக்க நினைத்தால் இரண்டாவது பாடம் ஹிஸ்டரி, இங்கிலீஷ், ஜியோகிராஃபி, ஐசிஸூலு (ஸூலு மொழி) என்று இருக்கட்டும். இதை மூன்றாம் வருடத்தில் தெரிந்துகொண்டு அழுத பிள்ளைகள் உண்டு. பத்திரிகை, சட்டம் பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். கல்லூரியில் விரிவுரையாளராக வேண்டுமென்றால் பி.எச்.டி. வரை போக வேண்டும், அது நீண்ட வழி.

ஐசிஸூலு என்றேன் அல்லவா, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். யூ.கே.இசட்.என். என்ற குவாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல், அந்த மொழி தெரியாத மாணவர்கள் ஒரு மாட்யூல் கட்டாயம் படிக்க வேண்டும். பலர் அதைப் பாஸ் மார்க்கோடு தள்ளிவிடுகிறார்கள். என் அனுபவத்தில், கள ஆய்வுக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது நம் வீட்டுப் பிள்ளைகளில் ஸூலு சரளமாகப் பேசுகிறவர் இருந்தால் விடவே மாட்டோம். வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் நாடு முழுவதும் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் நடந்த சாவுகள் நமக்கும் பக்கத்து ஊர் ஆப்பிரிக்க மக்களுக்கும் நடுவே இன்னும் ஆறாத புண். பயம் எங்கிருந்து வந்தது, வதந்தி எப்படிப் பரவியது, ஒருவரை ஒருவர் ஏன் அப்படிப் பார்த்தோம் என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். ஒரு மொழியில் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் வரும். அந்த வேலையை நம் பிள்ளைகளில் சிலராவது செய்ய வேண்டும் என்பது என் மனதின் ஆழத்தில் இருக்கும் ஆசை.

பண விஷயம். வீட்டு வருமானம் வருடத்துக்கு 350,000 ரேண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அது முதல் பட்டத்துக்குத்தான். இந்தத் துறையில் மூன்று வருடத்தோடு நின்றால் மனிதவளம், கள மேற்பார்வை போன்ற தொடக்க வேலைகள் கிடைக்கும். ஆராய்ச்சி என்றால் நான்காவது வருட ஆனர்ஸ் வேண்டும், அதற்கான செலவை இப்போதே யோசித்துவைக்க வேண்டும். நல்ல மார்க் இருந்தால் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு ஆனர்ஸிலிருந்தே விண்ணப்பிக்கலாம். வேலையில் இருந்துகொண்டே படிக்க யுனிசா என்ற தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டர்பனிலேயே படிப்பதென்றால் சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பம். பெரும்பாலும் செப்டம்பர் இறுதியில் முடித்துவிடுவார்கள், கடைசி வாரத்துக்கு விட்டுவைக்காதீர்கள். ஒரே படிவத்தில் பல தேர்வுகள் போடலாம், சோஷியாலஜியோடு நீங்கள் சொல்வதையும் ஒன்றிரண்டு போடச் சொல்லுங்கள். இதில் சண்டைக்கே இடமில்லை.

அக்கவுண்டிங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதில் மனம் இருக்கிற பிள்ளைக்கு அது நல்ல, நேரான வழி. மனம் இல்லாத பிள்ளை இரண்டாம் வருடத்தில் ஃபெயிலாகி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் பணமும் போகும், பிள்ளையின் தைரியமும் போகும். வேலையில்லாதவர்கள் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும் இந்த நாட்டில், மெட்ரிக்கோடு நிற்பவர்களைவிடப் பட்டம் முடித்தவர்கள் நிலை எவ்வளவோ மேல். முடிக்கக்கூடிய பட்டமாக இருப்பது முக்கியம்.

மகளுக்கு இது உண்மையான ஆசையா, தோழி எடுக்கிறாள் என்ற ஆசையா என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆயாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவளை உட்காரச் சொல்லுங்கள். மேகசின் பாரக்ஸ் வீட்டின் படத்தை ஆயா சொல்லச் சொல்ல அவள் வரையட்டும். எந்த அறையில் யார் தூங்கினார்கள், எத்தனை அடுப்பு, தண்ணீர் எங்கே பிடித்தார்கள், பக்கத்து வீட்டில் தெலுங்குக்காரரா தமிழரா, சாமி எங்கே இருந்தது. அப்புறம் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த முதல் வீட்டையும் அதே போல வரையட்டும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஏன் ஆயா, அங்கே ஒரே முற்றத்தில் இருந்த சித்தப்பா குடும்பம் இங்கே எந்த யூனிட்டுக்குப் போனது, அதை யார் முடிவு செய்தார்கள்?" என்று அவளாகவே கேட்டால் விண்ணப்பப் படிவத்தில் சோஷியாலஜியை முதல் இடத்தில் போடுங்கள். அரை மணி நேரத்தில் போனை எடுத்துவிட்டால் வேறு படிப்பு பார்க்கலாம். நோட்டுப் புத்தகத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, ஆயா சொன்னது அதில் இருக்கும்.